நோயாளி வீட்டுக்கு எப்படிப் போவது?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெண்களின் உடல்நலம் பற்றிப் பேசும்படி விழாக்குழுவினர் கேட்டிருந்தார்கள். இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகப் பரிசோதனை ஆகியவற்றைப் பற்றி நீங்கள் பல மேடைகளில் கேட்டிருப்பீர்கள். ஆகவே அவர்களுடைய அனுமதியோடு வேறொரு விடயத்தை எடுத்துக்கொண்டேன். குணமாகாத, நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போகிற ஒரு நோய் எங்கள் சிநேகிதி ஒருத்திக்கு வந்தால், அவளுக்கும் அவள் வீட்டாருக்கும் நாங்கள் என்ன செய்யலாம் என்பதே அது.

எனது வகுப்புத் தோழி ஒருத்தி குருநகரில் இந்த நோயோடு மூன்று ஆண்டுகளாக வாழ்ந்துகொண்டிருக்கிறாள். அவளிடம் அனுமதி கேட்டுத்தான் இங்கே நிற்கிறேன். "எல்லாத்தையும் சொல்லு, பேரை மட்டும் சொல்லாதை" என்பது அவள் போட்ட நிபந்தனை. உங்களில் சிலருக்கு ஆளை விளங்கிவிடும். விளங்கினாலும் அவளுடைய நிபந்தனையைக் காப்பாற்றுங்கள்.

நோயின் பெயர் இயக்க நரம்புக்கல நோய். மோட்டார் நியூரோன் நோய் என்று கிளினிக் கொப்பியில் எழுதுவோம். பிரான்சு நாட்டு வைத்தியர் ஷார்கோ 1869 ஆம் ஆண்டில் இதனை விவரித்து எழுதினார். மூளையிலிருந்தும் முள்ளந்தண்டிலிருந்தும் தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புக்கலங்கள் ஒவ்வொன்றாக இறக்கின்றன. கட்டளை வராத தசை மெலிகிறது. முதலில் ஒரு கை அல்லது ஒரு கால், சிலருக்கு நாக்கு, பிறகு மற்றவை, கடைசியில் மூச்சுத் தசைகள். தொடுகை உணர்வு போவதில்லை. கண்ணசைவு பெரும்பாலும் நெடுங்காலம் நிற்கும். சிலருக்குச் சிந்தனையிலும் குணத்திலும் மாற்றங்கள் வரலாம். ஆனாலும் பலருக்கு அறிவு தெளிவாகவே இருக்கும். அதாவது, அசையாமல் படுத்திருக்கிறவர் நீங்கள் பேசுவது முழுவதையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இது தொற்றாது. அவளுடைய கோப்பையில் தேநீர் குடித்தாலும் வராது, அவளைக் கட்டிப்பிடித்தாலும் வராது. பத்தில் ஒருவருக்குத்தான் பரம்பரையாக வருகிறது. 1995 இல் அங்கீகாரம் பெற்ற ரிலுசோல் என்ற மாத்திரை ஆயுளைச் சில மாதங்கள் நீட்டும். குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. பெரும்பாலானோர் நோய் தொடங்கியதிலிருந்து இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வாழ்கிறார்கள். பத்து ஆண்டுகளைக் கடப்பவர்களும் உண்டு, ஆனால் சிலரே. ஸ்டீபன் ஹோக்கிங் 21 வயதில், 1963 இல், நோய் கண்டறியப்பட்டு 2018 வரை வாழ்ந்தார். அவரை எல்லோருக்கும் தெரியும் என்பதால் எல்லோரும் அவரையே உதாரணம் காட்டுகிறார்கள். அவர் அபூர்வமான விதிவிலக்கு. ஒரு குடும்பம் தன் நாட்களைத் திட்டமிட வேண்டிய நேரத்தில் விதிவிலக்கை அளவுகோலாகக் கொடுப்பது ஆறுதல் ஆகாது.

எங்கள் தோழிக்கு இது தேங்காய் திருவும்போது தொடங்கியது. வலது கை பிடி விடத் தொடங்கியது. பிறகு நடக்கும்போது ஒரு காலில் செருப்பு நிற்கவில்லை. கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார் ஒருவர், சத்துக் குறைவு என்றார் இன்னொருவர். எண்ணெய் பூசினார்கள், நேர்த்தி வைத்தார்கள். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. இந்த நோயை ஒரே பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாது. நரம்பு, தசை மின் பரிசோதனைகளைச் செய்து, மற்ற நோய்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் முடிவுக்கு வரவேண்டும். வளர்ந்த நாடுகளிலும் இதற்கு ஏறத்தாழ ஒரு வருடம் பிடிக்கிறது.

முடிவு தெரிந்த அன்று அவளுடைய மாமியும் சகோதரர்களும் என்னிடம் வந்தார்கள். "பிள்ளை, அவளுக்குச் சொல்ல வேண்டாம். தெரிஞ்சால் மனம் உடைஞ்சு போவாள்." எங்கள் வீடுகளில் இது அன்பின் வழக்கம். வைத்தியராக நான் பல வீடுகளில் கேட்டதும் இதே வசனந்தான். அன்றைக்கு நான் அவர்களுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்த நோயில் பேச்சு போகும். பேச்சு போகுமுன் அவள் பேச வேண்டியவை இருக்கின்றன. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது, உறுதியில் எழுத வேண்டியது, வங்கியில் கையெழுத்திட வேண்டியது. விழுங்க முடியாமல் போகும்போது வயிற்றில் குழாய் வைப்பதா, மூச்சு குறையும்போது முகமூடி வழியாகக் காற்றுக் கொடுக்கும் இயந்திரம் வேண்டுமா, தொண்டையில் துளையிட்டு நிரந்தரமாக இயந்திரத்தில் வாழச் சம்மதமா என்றெல்லாம் முடிவெடுக்க வேண்டும். குழாய் வைப்பதானால் மூச்சு நன்றாக இருக்கும்போதே வைப்பது பாதுகாப்பு. ஆகவே மறைக்கிற ஒவ்வொரு மாதமும் அவளுடைய மாதம். அவளிடம் கேட்காமல் அதை எடுத்துக்கொள்ள எங்களுக்கு உரிமை இல்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை அவளே சொல்லட்டும். "இவ்வளவு போதும்" என்று அவள் சொன்னால் அங்கே நிறுத்தலாம்.

நரம்பியல் நிபுணர் அவளுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து சொன்னார். அவள் அழுதாள். மனம் உடைந்து போகவில்லை. அடுத்த வாரமே வீட்டு உறுதியை எடுத்துத் தரச் சொன்னாள். வயிற்றுக் குழாய்க்குச் சம்மதித்தாள், தொண்டைத் துளைக்கு மறுத்தாள். கணவர் அதை ஏற்க நாளெடுத்தது. இன்றும் முழுதாக ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் தன் வாயாலேயே அவருக்குச் சொன்னாள். பின்னொரு நாள் அந்த முடிவை அவர் தனியே எடுக்க வேண்டிய பாரம் அவர் தலையில் விழாது.

சகோதரிகளே, எங்கள் ஊருக்கு மரணத்துக்குப் போகத் தெரியும். 1986 யூன் 10 ஆம் திகதி மண்டைதீவுக் கடலில் தொழிலுக்குப் போன எங்கள் ஊரவர்கள் கொல்லப்பட்டபோது ஊரே கரையில் நின்றது. 1993 நவம்பரில் புனித யாகப்பர் ஆலயத்தின் மேல் குண்டு விழுந்தபோதும், 1995 ஒக்ரோபரின் இறுதியில் குடாநாடே தென்மராட்சியை நோக்கி நடந்தபோதும் ஒருவரையொருவர் கைவிடவில்லை. செத்த வீடு என்றால் பந்தல் போடுகிறவர் யார், தேநீர் ஊற்றுகிறவர் யார், செபம் சொல்கிறவர் யார் என்று எவரும் கேட்கத் தேவையில்லை. முப்பத்தொராம் நாள்வரை அடுப்பு எரியாத வீட்டுக்குச் சாப்பாடு போய்ச் சேரும்.

ஆனால் மூன்று வருட நோய்க்கு முப்பத்தொராம் நாள் இல்லை. முதல் மாதம் வீடு நிறைய ஆட்கள். ஆறாம் மாதம் அரைவாசிப் பேர். ஒரு வருடத்தில் ஒழுங்கையில் போகிறவர்கள் படலைப் பக்கம் பாராமல் போகிறார்கள். வெறுப்பினால் அல்ல. என்ன சொல்வது, எங்கே பார்ப்பது என்று தெரியாத கூச்சத்தினால். அந்தக் கூச்சத்தைப் போக்குவதற்குத்தான் சில நடைமுறைகளைச் சொல்ல வந்தேன்.

முதலாவது, போகும்போது அவளோடு பேசுங்கள். அவளுக்கு மேலால் கணவரைப் பார்த்து "சாப்பிடுறாவோ, நித்திரை கொள்ளுறாவோ" என்று கேட்காதீர்கள். சத்தம் போட்டும் பேசாதீர்கள். செவி நன்றாகக் கேட்கும். ஊர்ப்புதினம் சொல்லுங்கள். யார் கலியாணம், யார் சண்டை, திருவிழாவுக்கு யார் என்ன சேலை என்றெல்லாம் சொல்லுங்கள். எங்கள் தோழிக்கு இதுதான் மிகவும் பிடிக்கும். நோய் பற்றிய கதை அவளுக்கு நாள் முழுவதும் கிடைக்கிறது.

இரண்டாவது, வைத்தியம் கொண்டுபோகாதீர்கள். வெளிநாட்டில் ஒரு ஊசி இருக்கிறதாம், இன்ன இடத்தில் மூலக்கலம் ஏற்றுகிறார்களாம் என்று வட்ஸ்அப்பில் வருவதை எல்லாம் அந்த வீட்டுக்கு அனுப்பாதீர்கள். ஒவ்வொன்றும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு இரவு நித்திரையைக் கெடுக்கும். படகை விற்றால் மனைவியைக் காப்பாற்றலாமோ என்று ஒரு மனிதனை யோசிக்க வைக்கும். நல்ல செய்தி என்று நினைத்தால் முதலில் ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள்.

மூன்றாவது, "ஏதும் தேவையெண்டால் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். களைத்த வீட்டுக்குத் தேவையைத் தேடிச் சொல்லவும் தெம்பு இருக்காது. "செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு வந்து ஐந்து மணிவரை இருப்பன், நீங்கள் வெளியில போய்ட்டு வாங்கோ" என்று சொல்லுங்கள். சொன்ன செவ்வாய்க்கிழமை போங்கள்.

எங்கள் வகுப்பு இதை எப்படிச் செய்தது என்று சொல்கிறேன். உள்ளூரில் நாங்கள் ஆறு பேர். கிழமைக்கு ஒருவருக்கு இரண்டு மணித்தியாலம். குளிப்பாட்டுவது, கை கால்களை நீட்டி மடக்குவது, புரட்டிப் படுக்க வைப்பது ஆகியவற்றை இயன்மருத்துவரிடமும் தாதியிடமும் கற்றுக்கொண்டோம். நான் அவளுடைய வைத்தியர் அல்ல என்பதை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். அவளுக்கு வைத்தியர்கள் இருக்கிறார்கள். சிநேகிதிக்குத்தான் தட்டுப்பாடு.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பணம் அனுப்பினார்கள். அது தேவைப்பட்டது, நன்றி. ஆனால் அவர்களிடம் பணத்தை விட அருமையான இன்னொன்று இருந்தது. அதுதான் அவர்களுடைய நேரம். அவளுடைய கணவர் இரவில் தொழிலுக்குப் போகிறவர். போகாவிட்டால் வீட்டில் உலை இல்லை. அவளுக்கு இரவில்தான் பயம், எச்சில் புரையேறிவிடுமோ என்று. எங்களுக்கு இரவு ஒரு மணியாகும்போது ரொறன்ரோவில் பிற்பகல். அங்கே உள்ள மூன்று தோழிகள் முறை வைத்து வீடியோ அழைப்பில் இருந்தார்கள். போன் கட்டிலருகில் இருக்கும். அவர்கள் தங்கள் வீட்டில் சமைப்பார்கள், உடுப்பு மடிப்பார்கள், காது மட்டும் குருநகரில் இருக்கும். புரையேறும் சத்தம் கேட்டால் பக்கத்து அறையில் படுத்திருக்கும் அவளுடைய அம்மாவின் போனுக்கு அடிப்பார்கள். அம்மா எழும்பி அவளை நிமிர்த்தி, உறிஞ்சும் கருவியால் எச்சிலை எடுப்பா. அந்த ஏற்பாட்டுக்குப் பிறகுதான் அந்தத் தாய் தொடர்ந்து நான்கு மணித்தியாலம் நித்திரை கொண்டா.

நான்காவது, சாப்பாடு. விழுங்கும் தசைகள் தளரும்போது மிகக் கடினமானது தண்ணீர். அது தொண்டையில் விரைவாக ஓடிச் சுவாசக் குழாய்க்குள் போய்விடும். புட்டுப் போல உதிர்கிற உணவும் ஆபத்து. அன்பு மிகுதியால் புட்டும் மீன்பொரியலும் கொண்டுபோகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எந்தப் பதம் பாதுகாப்பானது என்று பேச்சு மொழிச் சிகிச்சையாளர் பார்த்துச் சொல்வார். எங்கள் தோழிக்கு அவர் தடிப்பான, கட்டியில்லாத பதத்தைச் சொன்னபோது அவளுடைய அம்மா, "அது எங்கட கூழ்தானே" என்றா. உறைப்பைக் குறைத்து, முள்ளும் நண்டுக்கோதும் இல்லாமல் வடித்த ஒடியற்கூழைச் சிகிச்சையாளருக்குக் காட்டிச் சம்மதம் வாங்கி, நிமிர்த்தி இருத்தி, நாடியைத் தாழ்த்தி, கரண்டி கரண்டியாக ஒரு வருடம் கொடுத்தார்கள். இப்போது வயிற்றுக் குழாய் வழியாகத்தான் உணவு. ஒவ்வொரு வீட்டுக்கும் பதம் வேறு, ஆகவே இதைப் பார்த்துச் செய்யாமல் கேட்டுச் செய்யுங்கள்.

ஐந்தாவது, பேச்சு. அவளுடைய குரல் போன பிறகு எழுத்து அட்டை ஒன்று தேவைப்பட்டது. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, அட்டை சுலபம். எங்களுக்கு 247. அவ்வளவையும் அட்டையில் எழுதினால் கண் களைத்துவிடும். ஆறாம் வகுப்பில் படித்த இலக்கணம்தான் கைகொடுத்தது. வல்லினம் ஆறு, மெல்லினம் ஆறு, இடையினம் ஆறு என்று மூன்று வரி. உயிருக்குக் குறில் ஒரு வரி, நெடில் ஒரு வரி. ஜ, ஸ, ஷ, ஹ ஆகியவற்றுக்கு ஒரு கடைசி வரி. "வல்லினமோ, மெல்லினமோ" என்று கேட்போம். கண்ணை இமைத்தால் அந்த வரி. பிறகு வரியிலுள்ள எழுத்து. பிறகு புள்ளியா, எந்த உயிர் என்று. ஒரு சொல்லுக்கு ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். பாதியில் ஊகித்து முடிக்கக் கூடாது என்பது அவளுடைய கட்டளை. பொறுமையில்லாதவருக்குக் கண்ணை மூடிவிடுவாள்.

அந்த அட்டையில் அவள் எழுதிய ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவளுக்கு ஒரு மகள், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். ஒரு மகன், பத்தொன்பது வயது. நோய் முற்றியபோது மகள் பாடசாலைக்கு வருவது குறைந்தது. கிழமைக்கு மூன்று நாள், பிறகு இரண்டு நாள். யாரும் அவளை மறிக்கவில்லை. யாரும் அவளை வீட்டில் நில் என்றும் சொல்லவில்லை. பொம்பிளைப் பிள்ளை, அம்மாவைப் பார்க்கிறாள், நல்ல பிள்ளை என்று ஊர் மெச்சியது. அந்த மெச்சல்தான் அவளைக் கட்டி வைத்தது. யார் முறைக்கு வருவது என்று நாங்கள் ஒருநாள் கட்டிலைச் சுற்றி நின்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோழி கண்ணால் அட்டையைக் கேட்டாள். ஆறு எழுத்து. ம, க, னை, க், கே, ள்.

மகனைக் கேட்டோம். அவன் மறுக்கவில்லை. இதுவரை ஒருவரும் தன்னைக் கேட்கவில்லை என்றான். தாயைத் தூக்கிக் கதிரையில் இருத்துவதற்கு அவனுடைய கைகள்தான் பொருத்தமானவை. உணவுக் குழாயைக் கழுவவும் உறிஞ்சும் கருவியைப் பிடிக்கவும் ஒரு கிழமையில் பழகிக்கொண்டான். மகள் இப்போது ஐந்து நாளும் இந்தப் பாடசாலை வாசலால் உள்ளே வருகிறாள். பரீட்சை இன்னும் முடியவில்லை, நோயும் நிற்கவில்லை. எது முந்தும் என்று எனக்குத் தெரியாது. அவளுடைய அம்மாவுக்கும் தெரியாது. அதனால்தான் அவசரப்படுகிறேன்.

நாங்கள் கண்டுபிடித்த புதினம் ஒன்றும் இதில் இல்லை. கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993 இல் சில வைத்தியர்கள் நோவு தணிப்புப் பராமரிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். வைத்தியர்களால் மட்டும் முடியாது என்று கண்டு, அயலவர்களைப் பயிற்றினார்கள். கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் தரக்கூடிய எவரும் சேரலாம். இன்று அந்த மாநிலத்தின் கிராமங்கள் தோறும் அந்த வலை விரிந்திருக்கிறது. தமிழ்நாட்டில், சேலத்தில், தசைச்சிதைவு நோயோடு வாழ்ந்த வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்ற சகோதரிகள் 2009 இல் ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கித் தங்களைப் போன்றவர்களுக்கு உதவினார்கள். 2017 இல் மாதேவி மறைந்தார். நோயாளி என்றால் உதவி பெறுகிறவர் மட்டுமே என்ற எண்ணத்தை அந்தச் சகோதரிகள் மாற்றிக் காட்டினார்கள்.

எங்களிடமும் வசதிகள் உண்டு. அரச வைத்தியசாலை கிளினிக் இலவசம். அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ் இருக்கிறது. சக்கர நாற்காலிக்கு யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையத்தை அணுகலாம். மாதாந்தக் கொடுப்பனவுக்குக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகச் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் விண்ணப்பிக்கலாம். மனம் தளர்ந்த பராமரிப்பாளருக்குச் சாந்திகத்தில் உளவளத்துணை கிடைக்கும். இவற்றுக்கெல்லாம் வரிசையில் நிற்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக நாங்கள் இருக்கலாம்.

சங்கத்திடம் மூன்று வேண்டுகோள். ஒன்று, கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் தரக்கூடியவர்களின் பெயர்க் கொப்பி ஒன்று திறவுங்கள். வெளிநாட்டுச் சகோதரிகள் தங்கள் பகல் நேரத்தை அதில் எழுதலாம். இரண்டு, காற்று மெத்தை, உறிஞ்சும் கருவி, கழிப்பறைக் கதிரை, எழுத்து அட்டை ஆகியவற்றை இரவல் கொடுக்கும் ஓர் அலுமாரி வேண்டும். ஒரு வீட்டில் தேவை முடிந்தால் கழுவி அடுத்த வீட்டுக்குப் போகட்டும். மூன்று, இந்தப் பாடசாலையில் படிக்கும் எந்தப் பிள்ளையாவது வீட்டில் நோயாளியைப் பார்ப்பதற்காக வரவு குறைந்தால், வகுப்பாசிரியர் சங்கத்துக்கு ஒரு சொல் சொல்லட்டும். அந்த வீட்டுக்கு நாங்கள் போவோம், பிள்ளை வகுப்புக்கு வரட்டும்.

கொப்பி வாசலிலே மேசையில் இருக்கிறது. முதல் பக்கத்தில் எங்கள் வகுப்பின் ஒன்பது பெயர்கள் இருக்கின்றன. பத்தாவது பெயரை எங்கள் தோழி எழுதச் சொன்னாள். தன்னால் என்ன முடியும் என்றும் அவளே அட்டையில் சொன்னாள்: "இரவில் முழிச்சிருப்பன், ஆரும் கதைக்கலாம்."